மேட்ச் காட்டினால் எவ்வளவு தருவீங்க?

செட்-டாப் பாக்ஸ் என்று ஒரு பெட்டி வாங்கினால்தான் பாதி சேனல் தெரியும் என்று சொன்னார்களே, அந்த வருஷம் நான் கேபிள் வசூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலடிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பு. ஆறு பிளாக், ஒவ்வொன்றும் மூன்று மாடி, லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. மாதம் பிறந்தால் முதல் பத்து நாள் அத்தனை படியும் ஏறிக் கதவைத் தட்டுவேன். "நாளைக்கு வா" என்பார்கள். மறுநாள் போனால், "நேத்தே வந்திருக்கக் கூடாதா, செலவாயிப் பூட்சே" என்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவும் மனசு வராது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுகூட முடியவில்லை.

பெட்டியை யாரும் வாங்கவில்லை. அது விற்ற விலைக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம். அதனால் விளையாட்டுச் சேனல்கள் ஒரே நாளில் காணாமல் போயின. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் வெறி அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் யாரோ வெள்ளைக்காரன் கிளப்பு ஆடுவதை லுங்கியைத் தொடை மேல் சுருட்டிக்கொண்டு பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் படிக்கட்டில் மடக்கிச் சண்டைக்கு வந்தார்கள். நான்தான் பெட்டியைக் கண்டுபிடித்தவள் மாதிரி. சில வீடுகளில் கனெக்ஷனே வேண்டாம் என்று ஒயரைப் பிடுங்கி வெளியே தொங்கவிட்டார்கள்.

கேபிள்காரர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாம் பிளாக் மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரு ரூம், அதுதான் அவருடைய கண்ட்ரோல் ரூம். உள்ளே மெஷின்களுக்கு மட்டும் ஃபேன் ஓடும், மனுஷருக்கு ஓடாது.

"பாரின் டீமு போனா போவுது தங்கச்சி," என்றார். "நம்ம போர்டு டீமு கீது இல்ல? கிரவுண்டுலேர்ந்து ஒரு ஒயரு இழுத்தா நேரா நம்ம லோக்கல் சேனல்ல வுட்டுடலாம். எவனும் கனெக்ஷன புடுங்க மாட்டான். ஜனங்க மாசம் எவ்ளோ கூடக் குடுப்பாங்கனு மட்டும் நீ வூடு வூடா கேட்டுகினு வா."

அந்த லோக்கல் சேனலில் அதுவரை வந்ததெல்லாம் அம்மன் கோயில் தீமிதி, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, இவ்வளவுதான். அதில் எங்கள் டீம் மேட்சா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, வீட்டில் படுத்திருக்கும் மனுஷனை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் டீமுக்குப் பதினோரு வருஷம் கோல் கீப்பராக நின்றவர் என் வீட்டுக்காரர். பிழைப்புக்கு ஒரு குடோனில் லாரி லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை. ஒரு மழை நாளில் லோடு மேலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கால் மடங்கவில்லை. வாரம் இரண்டு நாள் கொண்டுவந்து பயிற்சி கொடுத்தால் கம்பு ஊன்றியாவது நடக்க வைக்கலாம், விட்டுவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

ஒரு மாதம் போனோம். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, டீமில் அவரோடு ஆடியவர்கள் நான்கு பேர் மூன்றாம் மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். கீழே ஆட்டோ நிற்கும். ஒருநாள் மூச்சு வாங்குகிறது என்று முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி வைத்தார்கள். குடத்தோடு நின்றிருந்த பெண்களில் ஒருத்தி, "ஐயோ, பாவம். எப்டி எகிறி எகிறிப் புடிப்பாரு" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததோடு சரி, அதற்கப்புறம் கீழே இறங்கவில்லை. தூக்க வந்த அந்த நாலு பேர் மேலேயும் டம்ளரை விட்டெறிந்து, சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி விரட்டினார். இரண்டு மூன்று தடவை வந்து பார்த்தார்கள். அப்புறம் அவர்களும் வரவில்லை. அவர்களுக்கும் மானம் இருக்கிறதல்லவா?

இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் அந்த நாற்காலியில், நான் படிக்கட்டில். நடுவில் ஒருநாள் நான் மட்டும் ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இப்பகூட முழுசா கெட்டுப்போகலை. இதுக்கு மேல லேட் பண்ணா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஆளைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். வந்து சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கெஞ்சினேன், அழுதேன், ஒரு நாள் சோறு ஆக்காமல்கூட இருந்தேன். பட்டினி கிடந்தாரே தவிர இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கும் அலுத்துவிட்டது. அன்பு குறைந்துவிட்டதா என்று கேட்டால் தெரியாது, தெம்பு குறைந்துவிட்டது என்று சொல்லுவேன்.

மேட்சை மட்டும் அவர் விடவில்லை. எங்கள் வீடு ஆறாம் பிளாக்கில் கடைசி. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் டேங்க்தான் முகத்தில் இடிக்கும். அதற்குப் பின்னால் கிரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துவிடச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். "கார்னரு" என்பார். "அவுட்டு" என்பார். "நம்ம பசங்க கோல் வுட்டுட்டானுங்க, தூங்குமூஞ்சிங்க" என்பார். மேட்ச் முடிந்து கீழ் வீட்டுப் பையன்களிடம் கேட்டால் அவர் சொன்ன ஸ்கோர் சரியாக இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இப்போது அந்த மேட்ச் டி.வி.யிலேயே வரப்போகிறது. அதைக் கொண்டுவரும் வேலை என் கையில். வந்துவிட்டால் இந்த மனுஷன் சாகும்வரை கீழே இறங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இருந்தும் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேபிள்காரர் சம்பளம் கொடுத்தால்தான் எங்கள் அடுப்பு எரியும்.

முதல் கதவு லேத் பட்டறைக்காரர் வீடு. "நம்ம டீம் மேட்சை டி.வி.யில காட்டுனா மாசம் எவ்ளோ கூடத் தருவீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சா பத்து ரூபா. தோத்தா நீ எனக்கு பத்து ரூபா குடு" என்றார்.

காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா, "துட்டெல்லாம் இல்லமே. மேட்சுக்கு ஒரு கூறு நெத்திலி தரேன், எழுதிக்க" என்றாள். எழுதிக்கொண்டேன். அதற்கு எதிர் வீட்டுக்காரி என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக் காதோடு சொன்னாள்: "காட்டாம இருக்கறதுக்கு இருபது ரூபா தரேன்மே. ஞாயித்துக்கெழம அந்தாளு கிரவுண்டுக்குப் போனாதான் எனக்கு வூடு வூடா கீது."

மூன்றாம் பிளாக்கில் நான் செய்த தப்பு, வராந்தாவில் நின்று சத்தமாகக் கேட்டது. ஒருவர் ஐந்து என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தலையை நீட்டி, "இன்னா மாமு, டீமுக்கு அஞ்சு ரூபாதானா? எனக்குப் பத்து போடும்மா" என்றார். அதற்கும் பக்கத்தில் பதினைந்து. முதல் ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. இருபது என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து கரண்டியோடு வந்ததால் அங்கே நின்றது. இல்லாவிட்டால் காசிமேட்டு ஏலத்தையே மிஞ்சியிருக்கும். இதில் பாதிப்பேர் போன மாத கேபிள் காசையே தராதவர்கள்.

காசைவிட இன்னொன்றுதான் வீட்டுக்கு வீடு வந்தது. எவ்வளவு என்று சொல்லிவிட்டு எல்லாரும் ஒரே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஏம்மா, நான் கிரவுண்டுல நின்னா என் மூஞ்சி டி.வி.ல வருமா?"

"ஆட்டத்தைக் காட்டறாங்கண்ணே."

"ஆட்டம் வரட்டும். நான் துட்டு குடுக்கறேன் இல்ல? என் மூஞ்சியும் வரணும். இல்லாட்டி இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

கேட்டவர் கேட்டதை அப்படியே எழுதுவது என் வழக்கம். பேருக்குப் பக்கத்தில் தொகை, தொகைக்குப் பக்கத்தில் 'முகம் வர வேண்டும்' என்று எழுதினேன். நாலாம் பிளாக்குக்கு வந்தபோது அத்தனை எழுத்து எழுதக் கை வலித்தது. 'மு' என்று மட்டும் போட்டேன். நோட்டு முழுக்க மு, மு, மு.

கடைசிக் கதவு எங்களுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, விளையாட்டாக அவரையும் கேட்டேன். "நீ எவ்ளோ குடுப்பய்யா?"

அவருக்கு விஷயம் ஏற்கெனவே எட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. "மெய்யாலுமே காட்டறாங்களாமே? இன்னா கேட்டாலும் குடுப்பேன்மே" என்றார்.

"இன்னா கேட்டாலுமா?"

நான் எதைக் கேட்க வருகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் அணைந்தது. "கீழ எறங்கறத தவர" என்றார்.

நான் நோட்டை மூடினேன். அவர் பேருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

கேபிள்காரருக்கு நோட்டைப் பார்த்து ஒரே சந்தோஷம். வர்ற ஞாயிற்றுக்கிழமையே வியாசர்பாடி பக்கத்து டீமோடு எங்களுக்கு ஃபைனல் இருந்தது. அதிலேயே ஆரம்பித்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமையே கிரவுண்டிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் ஒயர் கட்டி, மொட்டை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேமராவுக்கு அவர் பிடித்த ஆள் கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் பக்கத்தில் நடந்த முக்கால்வாசி கல்யாணம் அவர் எடுத்ததுதான். நல்ல மனுஷர், தொழிலும் தெரிந்தவர். ஆனால் வாழ்க்கையில் ஒரு மேட்ச்கூட எடுத்ததில்லை. கேபிள்காரர் என் நோட்டை அவர் கையில் கொடுத்து, "இதுல மு போட்டவன் ஒருத்தன வுட்டாலும் நமக்குத் துட்டு வராது நைனா, பாத்துக்க" என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது எங்கே போய் முடியும் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மூன்று மணிக்கே முகம் கழுவி, தலை சீவி, பழைய ஜெர்சியை மாட்டிக்கொண்டார். முதுகில் ஒன்றாம் நம்பர் பாதி உரிந்திருந்தது. நாற்காலி ஜன்னலை விட்டு டி.வி.க்கு நேரே வந்தது. நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிளாக்கே வெறிச்சென்று இருந்தது. ஒரு குக்கர் சத்தம் இல்லை, ஒரு குழந்தை அழவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் காசு தருகிறேன் என்று சொன்ன அத்தனை பேரும் முகத்தைக் காட்டக் கிரவுண்டுக்குப் போயிருந்தார்கள். அந்த நெத்திலி அக்கா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு இறங்கியதை நானே பார்த்தேன்.

நாலு மணிக்குப் படம் வந்தது. முதலில் ஒரு குத்துவிளக்கு. ஃபைனலைத் தொடங்கி வைக்க ஏற்றிய விளக்கை வீடியோக்காரர் அடியிலிருந்து மேல்வரைக்கும் நிதானமாகக் காட்டினார். திரையின் மூலையில் ரோஜாப்பூ ஒன்று சுற்றியது. அப்புறம் மாலை போட்ட பெரிய மனுஷர்கள் வரிசையாக. விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. கேமரா இன்னும் மாலைகளை விட்டு நகரவில்லை.

"இன்னாமே இது, கல்யாணமா காரியமா?" என்றார்.

"வரும் வரும், இரு" என்றேன்.

பந்து வந்தது. நடு கிரவுண்டில் எங்கள் பையன் ஒருவன் அதை வாங்கித் திரும்பினான். என் வீட்டுக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். உடனே கேமரா அங்கிருந்து கழன்று கூட்டத்துக்குப் போய்விட்டது. லேத் பட்டறைக்காரர் சிரித்தார். அவர் பக்கத்தில் அவர் தம்பி. கேமரா ஒவ்வொரு முகமாக நின்று, அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த முகத்துக்கு நகர்ந்தது. பந்தியில் சாப்பிடுபவர்களை எடுப்பாரே, அதே மாதிரி. அரை மணி நேரத்தில் பந்தை நாங்கள் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். "பந்தக் காட்றா, பந்தக் காட்றா டேய்" என்று இவர் டி.வி.யைப் பார்த்துக் கத்தக் கத்த எனக்குத் தலை வலித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கிரவுண்டே ஒரே குரலில் அலறியது. ஜன்னல் வழியாகவும் வந்தது, டி.வி.யிலும் வந்தது. திரையில் நெத்திலி அக்கா பட்டுப் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"யாரு கோலு?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்?

"நிறுத்து, டி.வி.ய நிறுத்துமே!" என்று ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். நான் எழுந்து சத்தத்தைக் குறைப்பதற்குள் கிரவுண்டு அடங்கிவிட்டது. டி.வி. சத்தமும் கலந்ததில் யார் அடித்த கோல் என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அப்புறம் என்னைப் பார்த்தார். "காதாலயாவது பாத்துகினு இருந்தேன்மே. அதையும் புடுங்கிட்டீங்களே" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு கேட்டிருப்பேன். குரல் உடைந்து சொன்னார். மு போட்டது என் கை. ஒரு பக்கம் அவமானம், ஒரு பக்கம் என்னடா இது, நான் யாருக்காகப் படி ஏறினேன் என்று ஆத்திரம். இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றேன்.

பாதி ஆட்டம் முடிந்த விசில் கேட்டது. அவர் மடியில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியோடு சேர்த்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாற்காலியிலிருந்து சரியாமல் இருக்க அப்படித்தான் கட்டுவோம்.

"அஞ்சக் கூப்புடு" என்றார்.

"யார?"

"அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு. எல்லாத்தியும் கூப்புடு. பத்து நிமிசம்தான் கீது, ஓடு."

அவருடைய டீம் ஆட்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோலுக்கு முன்னால் நிற்கிற நாலு தடுப்பாட்டக்காரர்களை முதுகு நம்பர் சொல்லித்தான் அதட்டுவார். கல்யாணம் காட்சிக்குப் போனாலும் அவர்கள் அவருக்கு நம்பர்தான். அவர் விரட்டியடித்த நாலு பேரும் அவர்கள்தான்.

செருப்பு போடாமல் ஓடினேன். கிரவுண்டில் அந்த நாலு பேரும் ஒன்றாகத்தான் நின்றிருந்தார்கள். அஞ்சு இப்போது மீன் வேன் ஓட்டுகிறவர், நன்றாகப் பெருத்திருந்தார். "அவரு கூப்பிடறாரு. கீழ வரணுமாம்" என்றேன். மூச்சு வாங்கியதில் அதற்கு மேல் பேச வரவில்லை. அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. டம்ளர் எறிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அஞ்சு கையில் இருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு என்னை முந்திக்கொண்டு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடியவரை என்னால் பிடிக்க முடியவில்லை.

இறங்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூன்று மாடியும் மூடியபடியே வந்தார். படிக்கட்டில் ஒரு ஆள் இல்லை, குழாயடியில் ஒரு குடம் இல்லை. எல்லாரும்தான் டி.வி.யில் வரப் போயிருந்தார்களே. யார் பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு வருஷம் பயந்தவர், ஒருவரும் பார்க்காமல் இறங்கினார். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

கிரவுண்டில் தப்ப முடியவில்லை. கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்கியதும் கூட்டம் முழுக்கத் திரும்பியது. வீடியோக்காரர் பார்த்துவிட்டார். நாலு பேர் தூக்கிவர ஒருவர் நாற்காலியில் வந்து இறங்கினால் ஒரு கல்யாண வீடியோக்காரர் சும்மா இருப்பாரா? லைட் பிடிக்கிற பையனை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, காலிலிருந்து முகம்வரை மெதுவாக ஏற்றினார். ஆட்டம் தொடங்கியும் நகரவில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். நேரே கேமராவைப் பார்த்தார்.

"டேய் கஸ்மாலம்! என் மூஞ்சில இன்னாடா கீது? அங்க பந்து போவுது பார்றா, அதக் காட்றா!"

லோக்கல் சேனலில் அது அப்படியே நேரலையாகப் போயிருக்கும். கேட்க எந்த வீட்டிலும் ஆள் இல்லை. கிரவுண்டில் மட்டும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பாவம் என்று யாராவது சொன்னார்களா என்றால், சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் டீம் தோற்றது. முதல் பாதியில் வந்த அலறல் எதிர் டீம் அடித்த கோலுக்காம். அப்புறம் இன்னொன்றும் வாங்கினோம், திருப்பி ஒன்று கொடுத்தோம், அவ்வளவுதான். விசில் ஊதியதும் ரெஃபரியைச் சுற்றி ஒரு சண்டை, அது அப்படியே டீக்கடை பக்கம் நகர்ந்துபோய்விட்டது. அந்த நாலு பேரும் அதோடு போய்விட்டார்கள். கிரவுண்டு காலியாயிற்று. நாற்காலியில் அவர், பக்கத்தில் தரையில் நான்.

எனக்குத் தெரியும் இது. எதற்கும் தூக்குகிற கை இறங்கும்போது கிடைக்கும், ஏறும்போது கிடைக்காது. இனி நான் போய்க் கெஞ்ச வேண்டும், அவர்கள் வரும்வரை இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், நாளைக்குப் பழையபடி சுவர். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. "கொஞ்சம் இரு, போய் அவங்கள இட்டாரேன்" என்றேன்.

"நீ குந்து" என்றார். "காலைலேர்ந்து உனக்குக் காலு வீங்கிக் கீது."

அவர் அதைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்குப் புதுசு.

அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, டீக்கடை பக்கம் திரும்பி, வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். பதினோரு வருஷம் கோலுக்குள்ளிருந்து கொடுத்த குரல் அது. "டேய் அஞ்சு! எங்கடா போயிகினு கீற? நாலு, திரும்புடா! என்ன வூட்டுக்குத் தூக்கிகினு போங்கடா!"

ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அடுத்தவர் எதிரில் என்னிடம் கேட்காதவர். கூச்சப்படாமல் மறுபடியும் கத்தினார். நாலு பேரும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள்.

ஏறும்போது அவர் கண்ணை மூடவில்லை. படிக்கட்டில் இப்போது கூட்டம் திரும்பியிருந்தது. குடமும் பிள்ளைகளுமாக வழி நெடுக ஆட்கள். "வழி வுடுக்கா, வழி வுடு" என்று அவரே கேட்டுக்கொண்டு போனார். "மூணு, லெப்ட்ல வா, வா வா வா. ரெண்டு, ரைட்ட தூக்கு. டேய் அஞ்சு, முன்னால ஏறாத, பின்னாலயே நில்லு." அவர்களும் மாடித் திருப்பத்தில் அவர் சொன்னபடி இடம் மாறினார்கள். நான் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறினேன்.

வீட்டுக்குள் நாற்காலியை இறக்கிவிட்டு நாலு பேரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது, இந்தத் தடவை சின்னதாக.

"செவ்வாக்கெழம காலைல எட்டு மணிக்கு வாங்கடா. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை.